திரைக் கேள்வி பதில்: ஜில் வந்திறங்கிய ரயில்

கேள்வி: 'வன்ஸ் அப்பொன் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தில கிளாடியா கார்டினாலே ரயிலால இறங்கி வாற காட்சி எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்குதில்லை. பேச்சே இல்லாத அந்த இடத்தில அப்படி என்ன இருக்கு?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: காத்திருத்தல் இருக்கிறது, சகோதரி. கார்டினாலே நடித்த ஜில்லைக் கூட்டிப்போக வரவேண்டிய கணவன் பிள்ளைகளோடு சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். அது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சிரித்த முகத்தோடு இறங்குகிறாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போகப் போக அந்தச் சிரிப்பு மெல்ல வடிகிறது. நிலையத்து மணிக்கூட்டைப் பார்க்கிறாள், தன் சின்ன மணிக்கூட்டையும் பார்க்கிறாள். அழுகை இல்லை, பதற்றம் இல்லை. கண் மட்டும் தேடுகிறது. கார்டினாலேயின் அழகை இதைவிடக் கௌரவமாக எவரும் காட்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம்.

அடுத்தமுறை கமெராவைக் கவனியுங்கள். ஜில் வழி கேட்க நிலைய அறைக்குள் போகிறாள். கமெரா உள்ளே போகாமல் யன்னலுக்கு வெளியே நிற்கிறது. அவள் மறுவாசலால் வெளியேறும்போது சுவரோடு மேலெழுந்து, கூரையைத் தாண்டி, பாதி கட்டிய நகரம் முழுவதையும் விரித்துக் காட்டுகிறது. பாடகி எடா டெல்லோர்சோவின் சொல்லில்லாத குரலும் அதே நேரத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. இது தற்செயல் இல்லை. இசையமைப்பாளர் என்னியோ மொரிக்கோனே படப்பிடிப்புக்கு முன்பே இசையை எழுதி முடித்திருந்தார். இயக்குநர் செர்ஜியோ லியோனே அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு, கமெரா ஏறும் வேகத்தை இசையோடு பொருத்தினார். வழமையில் படத்துக்குப் பின்னால் இசை ஓடும். இங்கே இசைக்குப் பின்னால் படம் நடக்கிறது.

கேள்வி: டீவியில இந்தப் படத்தைப் போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி வருது. ஸூம் போட்டா திரை நிறையுது, ஆனா ஆக்கள் வெட்டுப்படுறாங்க. முகமும் மெழுகு பூசின மாதிரி இருக்கு.
- வாசகர், கல்லாறு

பதில்: பட்டியை விட்டுவிடுங்கள், அது பழுதில்லை. படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு, உங்கள் டீவியின் அகலம் 1.78 மடங்கு. ஸூம் போட்டால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். லியோனே ஒரு முகத்தை இந்தக் கரையிலும் இன்னொரு முகத்தை அந்தக் கரையிலும் வைக்கிறவர். வெட்டுப்படுவது அந்த முகங்கள்தான்.

மெழுகு முகத்துக்குக் காரணம் வேறு. இது டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுத்த படம். ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு ஃபிரேமுக்கு வழமையான நான்கு துளை உயரத்துக்குப் பதிலாக இரண்டே துளை உயரம்தான். ஃபிலிம் செலவு பாதியாகும். சின்ன ஃபிரேமைப் பெருப்பிப்பதால் ஃபிலிமின் புள்ளி அதிகமாகத் தெரியும். டீவியின் 'நொய்ஸ் ரிடக்ஷன்' அந்தப் புள்ளியை அழுக்கென்று நினைத்துத் துடைக்கிறது. வியர்வையும் புழுதியும் தோலின் நெளிவும் அதோடு சேர்ந்து போகின்றன. அதை நிறுத்துங்கள். 'ஷார்ப்னஸ்'ஸைக் குறையுங்கள். சாம்சங்கில் 'ஓட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருப்பதையும் நிறுத்துங்கள். வினாடிக்கு 24 படமாக எடுத்ததற்கு நடுவே டீவி தானாகப் படங்களைச் செருகினால், அது சீரியல் மாதிரித் தெரியும்.

கேள்வி: கார்டினாலே நடித்த வேறு வெஸ்டர்ன் (கௌபோய்) படம்?
- வாசகர், ஏறாவூர்

பதில்: 'த புரொஃபெஷனல்ஸ்', 1966. பேர்ட் லங்காஸ்டர், லீ மார்வின் உடன். நல்ல படம்தான், ஆனால் ஜில்லுக்குக் கிடைத்த இடம் அதில் அவருக்கு இல்லை.

கேள்வி: என்னதான் சொன்னாலும் அவர் ஜில்லாக வந்தது கவர்ச்சிக்குத்தானே?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: இல்லை. குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஊர்க்காரருக்கு இது சட்டென்று விளங்கும். நீராவி எஞ்சினுக்கு வழிநெடுகத் தண்ணீர் வேண்டும். வறண்ட நிலத்தில் தண்ணீர் இருக்கிற காணி எவருடையதோ, ரயில் அவருடைய வாசலில் நின்றே ஆகவேண்டும். ஜில்லின் கணவன் கொல்லப்பட்டது அந்தக் காணிக்காக. துப்பாக்கிக்காரர் மூவரில் ஒருவர்கூட அங்கே தங்குவதில்லை, தங்குகிறவள் ஜில். கடைசியில் தண்டவாளம் போடும் தொழிலாளிகளுக்கு அவள் தண்ணீர் கொண்டுபோகிறாள். அந்த நடையைப் பாருங்கள். ரயிலால் இறங்கிய பெண்ணின் நடை அல்ல அது.

கேள்வி: கிளாடியா 2025 செப்டெம்பரில் காலமானார். நினைவாக வாசகசாலை முற்றத்தில படத்தைப் போட விருப்பம். எப்படிச் செய்யலாம்?
- வாசகர்கள், அக்கரைப்பற்று

பதில்: அவசியம் செய்யுங்கள். முழுப்படம் 165 நிமிடம். அமெரிக்காவில் இருபது நிமிடமளவு வெட்டி வெளியிட்டார்கள். நீளத்தைப் பார்த்துத்தான் பிரதியை எடுங்கள். திரை 8 அடி அகலமென்றால் படத்தின் உயரம் 3 அடி 5 அங்குலம். மிச்சத்தைக் கறுப்புத் துணியால் மறையுங்கள். திரையாகக் கட்டும் வேட்டி கடற்காற்றுக்கு ஆடும், முகமும் சேர்ந்து ஆடும். நான்கு மூலையையும் இழுத்துக் கட்டி, கீழ்விளிம்பில் ஒரு பைப்பைக் கோர்த்து விடுங்கள். புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கர் போதாது. தனி ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வையுங்கள். பின்னால் வைத்தால் முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தொடக்கத்தில் காற்றாடியின் கிறீச்சும் தொப்பியில் சொட்டும் தண்ணியும்தான் கேட்கும். ஒலி வரவில்லை என்று எவரும் சத்தத்தைக் கூட்டவேண்டாம். துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் காது அடைத்துப்போகும். இரவு 7 மணிக்குத் தொடங்கினால் 9.45க்கு முடியும்.