பனிக்கிழவி பேச வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஏற்காடு மலைப்பாதையில் வேன் ஓட்டிப் போகும் ஒருவரை மூடுபனி மறித்து, மெதுவாகப் போகச் சொல்வதாக ஒரு கவிதை எழுதினேன், இணைத்திருக்கிறேன். "பனியை ஆளாக்கியது நன்றாக இருக்கிறது, ஆனால் மையக்கருத்து அழுத்தமாக இல்லை" என்கிறார்கள் வகுப்பில். முடிவில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாமா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

சேர்க்க வேண்டாம். இருப்பதிலேயே கடைசி இரண்டு வரியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் கவிதையின் உயிர் இங்கே இருக்கிறது:

பதினாறாம் வளைவில் பனிக்கிழவி
பாதையைச் சுருட்டி மடியில் வைத்திருக்கிறாள்
வண்டி ஊர்ந்து வந்து கேட்டால்
பத்தடி அவிழ்த்துத் தருகிறாள்

அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை. அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் பனியில் ஏறியவர்களுக்குத் தெரியும், சாலை அப்படித்தான் கிடைக்கும். ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்த்திப் போட்டு, கிடைக்கிற பத்தடியில் வண்டியை உருட்டி, அடுத்த பத்தடிக்குக் காத்திருக்க வேண்டும். பனி செய்கிற இந்த வேலையை ஒரு கிழவியின் கைவேலையாகப் பார்த்துவிட்டீர்களே, அது பெரிய விஷயம். நிதானம் என்ற கருத்து 'அவிழ்த்துத் தருகிறாள்' என்பதிலேயே முழுசாக வந்துவிட்டது.

கடைசியில் அவள் வாயைத் திறக்கிறாள்: "அவசரம் எதற்கு மானிடா, ஆற அமர வாழ்ந்திடு." இது அவள் பேச்சில்லை, உங்கள் பேச்சு. 'மித வேகம் மிக நன்று' என்று சாலையோரப் பலகையே சொல்லிவிடுகிறது. அதற்குக் கிழவி எதற்கு?

சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதையை எடுத்துப் படியுங்கள். மதுரைக்குள் நுழையுமுன் கோவலனும் கண்ணகியும் வையைக் கரைக்கு, அதாவது இன்றைய வைகைக் கரைக்கு வருகிறார்கள். கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள்போல, வையை பூக்களை ஆடையாகப் போர்த்துக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களோ 'புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு' என்று தொழுதுவிட்டு மரப்புணையில் அக்கரை போகிறார்கள். போகாதீர்கள் என்று வையை கத்தியிருந்தால் நமக்கு இந்தப் பதைப்பு வந்திருக்குமா? ஆளாக்கிய பொருளுக்கு அதற்கென்று ஒரு மனசு வேண்டும். வையைக்கு இருக்கிறது. உங்கள் கிழவிக்கும் முதல் நான்கு வரியில் இருக்கிறது.

இன்னொன்று. ஐப்பசிப் பனியில் 'காப்பிப்பூ வாசம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காப்பி பூப்பது மார்ச், ஏப்ரலில், கோடை மழை விழுந்த பிறகு. பூ சில நாளில் வாடிவிடும். காய் பிடித்துப் பழமாக எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஐப்பசியில் செடியில் பச்சையும் சிவப்புமாகக் காய்தான் இருக்கும். பூவை விடக் காய் உங்கள் கவிதைக்கு எவ்வளவோ பொருத்தம். கோடை மழையிலிருந்து பழுத்துக்கொண்டிருக்கும் அந்தக் காய், கிழவி தந்த பத்தடிக்குள், வேன் ஜன்னலுக்கு வெளியே தெரியட்டும். வேகமாகப் போயிருந்தால் ஓட்டுநர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். வகுப்பில் கேட்கிற அழுத்தம் இந்த ஒரு காயில் கிடைத்துவிடும்.

பார்த்ததும் அவர் என்ன நினைத்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திருத்தி அனுப்புங்கள், முழுக் கவிதையையும் இங்கேயே வெளியிட ஆசை.

அன்புடன்.