போட்டோ கேக் மேல் இருக்கும் படத்தைச் சாப்பிடலாமா? அது சாதாரண பிரிண்டர் மைதானே?

சரியான மையில் அடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள், யாரோ வாட்ஸ்அப்பில் பயமுறுத்திவிட்டார்கள், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் திண்டுக்கல்லில் ஒரு பேக்கரியில் கேக்குக்குப் படம் அடிக்கிறவன். 'வியாபாரி வேறென்ன சொல்வான்' என்று கீழே எழுத ஆள் வரும். வரட்டும்.

எங்கள் பிரிண்டர் கடையில் விற்கும் இங்க்ஜெட்தான். ஆனால் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து உணவு மையைத் தவிர எதுவும் அதில் ஊற்றியதில்லை. தண்ணீர், கிளிசரின், டார்ட்ரசின், பிரில்லியன்ட் புளூ போன்ற உணவு நிறங்கள், அவ்வளவுதான் அந்த மை. கேசரிப் பவுடரின் ஜாதிதான், அளவோடு இருக்க வேண்டியதும் அதே மாதிரிதான். தாள் என்பது ஸ்டார்ச்சும் சர்க்கரையும். கிரீமின் ஈரத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஆபீசில் ஓடிய பழைய பிரிண்டரில் மையை மட்டும் மாற்றி அடித்தால் தப்பு. லேசர் பிரிண்டர் அதைவிடத் தப்பு, அதன் டோனர் பிளாஸ்டிக் தூள். சந்தேகம் இருந்தால் மை பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

ஒரு சதாபிஷேகத்துக்குப் பேரன் தாத்தா பாட்டியின் கல்யாண போட்டோவைக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளை, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும் என்று கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். பூஞ்சைப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக எடுத்தேன். உணவு மையில் சுத்தக் கறுப்பு சுலபத்தில் வராது, பச்சை அடிக்கும்; அதனால் பழுப்பு நிறத்துக்கு மாற்றினேன். பாட்டி பார்த்துவிட்டு, "இந்தச் சேலை அரக்குப்பா" என்றார்.

அப்போதுதான் ஒரு சொந்தக்காரர், படித்தவர், சபையில் சத்தமாகச் சொன்னார்: "ஜெராக்ஸ் மைப்பா இது, கேன்சர் வரும்." முடிந்தது. ஆளாளுக்குப் படத்தை வழித்து இலை ஓரத்தில் வைத்தார்கள். அதே பந்தியில் கலர் கலராக இருந்த ஜாங்கிரியை யாரும் ஒதுக்கவில்லை.

நிறத்தில் ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024-இல் ரோடமின் பி கலந்ததால்தான் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அது துணிக்குப் போடும் சாயம். அதைப் போட்டவனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். தலைவர் படம் போட்டு பத்துக் கிலோ கேக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்களே, மையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். "தலைவர் முகம் இன்னும் சிவப்பா வரணும்" என்று மூன்று முறை மாற்றி அடிக்கச் சொல்வார்கள். நடுரோட்டில் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோவும் போடுவார்கள். காசு கேட்டால் மட்டும் "மாவட்டம் வந்ததும் தர்றோம்ணே." மாவட்டம் வந்து போய்விட்டார், அடுத்த பிறந்தநாளுக்கும் ஆர்டர் வந்துவிட்டது, பழைய பாக்கி அப்படியே நிற்கிறது.