பொங்கலுக்குப் பார்த்த ஏரி

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. பொங்கலுக்குக் காட்டுமன்னார்கோவிலில் மாமனார் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து, வீராணம் ஏரிக்கரையில் மனை வாங்கி அங்கேயே இருந்துவிடலாம் என்கிறார். பையன் மூன்றாம் வகுப்பு. எனக்குத் தயக்கம். என்ன செய்யட்டும்?

பதில்: பொங்கலுக்குப் போனீர்களா, அதுதான் விஷயம். 47.5 அடிக்கு நிரம்பி அலை அடித்துக்கொண்டிருக்கும் வீராணத்தைப் பார்த்தால் யாருக்கும் மூட்டை கட்டத்தான் தோன்றும். அவரைச் சித்திரையில் ஒருமுறை கூட்டிப் போங்கள். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்தால்தான் அது ஏரி, வராத கோடையில் பொட்டல். இருப்பதிலும் 2004லிருந்து சென்னைக்கு ஒரு பங்கு குழாயில் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு: கனமழையில் உபரி நீரைத் திறந்தால் சுற்றியுள்ள தாழ்வான ஊர்களுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

மனை மட்டும் இப்போது வாங்கவே வேண்டாம். மாமனார் வீடு இருக்கும்போது எதற்கு? கரையை ஒட்டி மலிவாக வருகிற இடம் நீர்நிலைப் புறம்போக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "எல்லாரும் கட்டியிருக்காங்க சார்" என்பார் புரோக்கர். 2007ல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அளந்து பார்த்து ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினால், கையில் இருக்கும் கரண்ட் பில்லும் வீட்டு வரி ரசீதும் உதவாது. என்றைக்கு வாங்கினாலும் நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, தயக்கம் என்று எழுதிவிட்டு காரணத்தை விட்டுவிட்டீர்களே! மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமே என்பதா, மருந்துக்கடைக்குப் போனால்கூட "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று நாலு பேர் கேட்கிற ஊராயிற்றே என்பதா? இரண்டாவது பழகிவிடும், பையன் சைக்கிளிலிருந்து விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடி வருவதும் அந்த நாலு பேர்தான். முதலாவது என்றால் அதை வாயைத் திறந்து கணவரிடம் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தைச் சாக்குச் சொன்னால் அவர் நல்ல பள்ளிக்கூடமாக ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து நிற்பார்.

முழு ஆண்டு லீவு விட்டதும் அங்கே போய் இருந்து பாருங்கள். மீட்டிங் நடுவில் கரண்ட் போனால் அவர் என்ன செய்கிறார், ராத்திரியில் அவசரம் என்றால் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிதம்பரத்துக்கு எப்படிப் போவது, கொசு எத்தனை மணிக்கு வருகிறது, எல்லாம் தெரிந்துவிடும். அதுவரை தாம்பரம் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.