கர்ப்பத்தில் கூடுதல் எடை: பட்டினியும் வேண்டாம், இரட்டைச் சாப்பாடும் வேண்டாம்

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் வசிக்கிறேன். வயது 31, உயரம் 157 செ.மீ., எடை 84 கிலோ. முதல் கர்ப்பம், 10 வாரம் ஆகிறது. எடை அதிகம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரவு உணவை நிறுத்தி எடையைக் குறைக்கலாமா? மாமியாரோ இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. உங்கள் உடல் எடைக் குறியீடு ஏறக்குறைய 34; மலேசியாவில் 27.5-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்று கொள்கிறோம். ஆயினும் எடையைக் குறைக்கும் காலம் இதுவன்று. பிரசவம் வரை மொத்தம் 5 முதல் 9 கிலோ வரை கூடினால் போதும்; முதல் மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிடத் தேவையே இல்லை.

நான் முதலில் கவனிக்கச் சொல்வது இனிப்புநீரை. கூடுதல் கொழுப்பால் ஏற்கெனவே மந்தமாக இருக்கும் இன்சுலினின் செயலை நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் மேலும் தடுப்பதால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை சிசுவுக்குச் செல்கிறது. தாயின் இன்சுலின் செல்வதில்லை. சிசு தானே அதிக இன்சுலினைச் சுரந்து அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம். எனவே 24-ஆம் வாரம் வரை காத்திராமல், 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 7.8: இவற்றில் ஒன்றை எட்டினாலும் கர்ப்பகால இனிப்புநீர்தான். இப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்திற்குள் மீண்டும் பார்க்க வேண்டும்.

இரவு உணவை நிறுத்தாமல் மாற்றியமையுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, மீதி கால் பங்கு மட்டும் சோறு. நாசி கண்டார் வாங்கினால் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லாதீர்கள். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை அன்றாடம் குடிப்பவர், அதை மட்டும் சீனியில்லாத பானமாக மாற்றினாலே நல்ல பலன் தெரியும். மருத்துவர் தடை சொல்லாவிட்டால், வாரத்திற்கு 150 நிமிடம் நடந்தால் நல்லது. தண்ணீர்மலைப் பூங்காவின் சமதளப் பாதை அதற்கு ஏற்றது.

அடுத்தது இரத்த அழுத்தம். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாகக் கூடும். தயங்காமல் பெரிய பட்டையைக் கேளுங்கள். 20 வாரத்திற்குப் பின் 140/90-ஐ எட்டினாலோ, கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதைத் தடுக்க 12-ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று அடுத்த முறை மருத்துவரைக் கேளுங்கள்; நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஃபோலிக் அமிலத்தின் அளவையும் அவரிடமே உறுதிசெய்யுங்கள். பருமனானவர்களுக்கு 5 மில்லிகிராம் தரப்படுவதுண்டு. எடை குறைக்கும் ஊசி, மாத்திரை, மூலிகைத் தேநீர் எதையேனும் எடுத்துவந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இந்த அபாயம் பிரசவத்திற்குப் பின்னும் ஆறு வாரம் வரை நீடிப்பதால், பத்தியக் காலத்தில் படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள்ளேயாவது நடமாடுங்கள்.