பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்கு நிதி கேட்போர்: கேள்வி பதில்

கொக்கட்டிச்சோலை ஆசிரியை: ஐந்து நுணுக்குக்காட்டிகள் கேட்டு அனுப்பிய முன்மொழிவு இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது. பிரதியை இணைத்துள்ளேன். எங்கே தவறு?

பதில்: முதற் பக்கம் முழுவதும் பொருட்பட்டியலாக இருக்கிறது, பிள்ளைகள் அக்கருவியால் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மட்டக்களப்பு வாவி உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. மாரி காலத்தில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறக்கும் முன்னும் பின்னும் வாவி நீரின் உவர்த்தன்மை எவ்வாறு மாறுகிறது, அதனோடு நீரிலுள்ள நுண்ணுயிர்களும் மாறுகின்றனவா என்பதைத் தரம் 9 மாணவர்கள் மாதந்தோறும் நீர் எடுத்துப் பார்த்துப் பதிவார்கள் என்று தொடங்குங்கள். அதன்பின் நுணுக்குக்காட்டி ஏன் வேண்டும் என்று வாசிப்பவருக்குத் தனியே விளக்க வேண்டியிருக்காது. ஐந்து கேட்பதற்குப் பதிலாக நல்லதாக ஒன்று கேளுங்கள். மற்ற மாணவர் குழுக்களுக்கு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுணுக்குக்காட்டி போதும். பழுதானாலும் பெரும் இழப்பில்லை.

களுவாஞ்சிக்குடி பழைய மாணவர்: இலண்டனிலுள்ள ரோயல் சொசைட்டி என்ற விஞ்ஞான அமைப்பு பாடசாலைகளுக்கு 3,000 பவுண் வரை வழங்குவதாக அறிந்தோம். நாம் விண்ணப்பிக்கலாமா?

பதில்: இயலாது, அது ஐக்கிய இராச்சியப் பாடசாலைகளுக்கு மட்டுமே உரியது. ஆனால் பாடசாலை ஒரு விஞ்ஞானியுடனோ பொறியியலாளருடனோ இணைந்து செயற்பட வேண்டும் என்ற அதன் நிபந்தனையை நாமாகவே ஏற்றுக்கொள்வது நல்லது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கையில், ஒரு விரிவுரையாளர் வருடத்தில் மூன்று நாட்கள் வருவதாக எழுதித் தரும் கடிதம், கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்திடம் கேட்டாலும் வெளிநாட்டு அமைப்பிடம் கேட்டாலும் உங்கள் விண்ணப்பத்துக்குப் பெரும் வலுச் சேர்க்கும்.

திருக்கோவில் பெற்றோர்: நிதி தருவோர் எமது பங்காகவும் பணம் கேட்கிறார்கள். எங்களிடம் இல்லை.

பதில்: உழைப்பையும் பங்காக ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள், பல அமைப்புகள் ஏற்கும். சிரமதானத்துக்கு வந்தோர் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பதிவேட்டில் கையொப்பத்துடன் எழுதி வையுங்கள்.

ஏறாவூர் ஆசிரியர்: பாதீட்டில் நாம் வழக்கமாக எதை மறக்கிறோம்?

பதில்: திருத்தச் செலவையும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தையும். கருவி வந்த மறுவருடம் ஒரு மின்குமிழ் எரிந்துபோனதால் அது அலுமாரிக்குள்ளேயே கிடந்ததை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். உதிரிப்பாகங்களையும் விலைமனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள்; மாற்றத் தெரிந்த ஆசிரியர்கள் இருவராவது இருக்கட்டும், ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் மற்றவர் இருப்பார்.