ஊதும் கருவி இல்லாத வாசல்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் நல அலுவலரின் பதில்கள்

கேள்வி: நூற்பாலை ஒன்றில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருக்கிறேன். கொரோனா வந்தபோது, குடித்திருக்கிறார்களா என்று பார்க்க வாசலில் இருந்த ஊதும் கருவியை எடுத்து வைத்தோம். இன்னொரு தொற்று வந்தால் போதையில் வருபவர்களை எப்படித் தடுப்பது என்று விதி எழுதித் தரச் சொல்கிறது நிர்வாகம். கருவி இல்லாமல் முடியுமா? (பெயர் வேண்டாம், ராஜபாளையம்)

பதில்: எடுத்து வைத்தது சரி. 2020 மார்ச்சில் விமானிகளுக்கே அந்தச் சோதனையை நிறுத்தி வைத்தார்கள். மூச்சில் பரவும் நோய் ஊரெல்லாம் இருக்கும்போது, ஷிப்டுக்கு நூறு பேரை வரிசையில் நிற்க வைத்து ஊதச் சொல்வது என்ன நியாயம்?

அந்தக் கருவியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சானிடைசர் தடவிய கை காய்வதற்குள் கருவியைப் பிடித்தால், குடிக்காதவருக்கும் எண் ஏறும். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி பார்க்காமல் யார் மீதும் எழுதாதீர்கள்.

கருவி வருவதற்கு முன்பும் ஆலை ஓடியதே! வருகைக் கார்டு வாங்கும்போது, “எந்த பஸ்ஸில் வந்தீர்கள், சாப்பிட்டாயிற்றா?” என்று நான் இரண்டு வார்த்தை பேசுவேன். முகக்கவசம் வாடையை மறைக்கும்; நாக்குக் குழறுவதையும் கால் பின்னுவதையும் மறைக்காது. மேஸ்திரியும் இன்னொருவரும் சேர்ந்து பார்க்கட்டும். பார்த்ததை மட்டும் நேரத்தோடு எழுதட்டும்: ‘10.05. பேச்சுக் குழறியது. கார்டைத் தலைகீழாக நீட்டினார்.’ ‘குடித்திருந்தார்’ என்று எழுதாதீர்கள். சர்க்கரை இறங்கியவரும் அப்படித்தான் தள்ளாடுவார். ஒருமுறை நானே அவசரப்பட்டு ஒருவருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்துவிட்டேன். யாரோ வாங்கிக் கொடுத்த இனிப்பு டீயில் கால் மணி நேரத்தில் மனிதர் தெளிந்துவிட்டார். கடிதத்தை அவர் கண்முன்னே கிழித்தேன்.

சந்தேகம் இருந்தால் மெஷினுக்கு விடாதீர்கள். நிழலில் உட்கார வைத்துக் கவனியுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் துணையோடு அனுப்புங்கள். சொந்த பைக்கில் அனுப்பிவிட்டு, கேட்டைத் தாண்டியதும் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றும் விதியில் இருக்க வேண்டும். 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். மே 7 வரை பூட்டுத்தான். எங்கள் ஆலை விடுதியில், நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் வேலை பார்த்த தொழிலாளி ஒருவர். பல வருடங்களாகத் தினம் ஒரு குவார்ட்டர். கடை மூடிய மூன்றாம் நாள் உடம்பு கொதித்தது, கை நடுங்கியது. கொரோனா என்று பயந்து தனி அறையில் விட்டுவிட்டார்கள். நான் போய் ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து இல்லாத நூலை இரண்டு விரலால் இழுக்கிறார், திரிக்கிறார், ஒட்டுகிறார். ஒரு சாண் நகர்ந்து அடுத்த இழையைப் பிடிக்கிறார். அறுந்த இழையை ஒட்டுகிற அதே கைவாகு. கூப்பிட்டேன், திரும்பவே இல்லை.

தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இந்தப் பிதற்றல் நிலை, உயிரே போகலாம். 108-ஐ அழைத்தோம். மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். நல்லது செய்வதாக நினைத்து நாமே மதுவை அளந்து ஊற்றவும் கூடாது. மருத்துவர் சீட்டோடு வருபவருக்கு மது கொடுக்கலாம் என்று கேரள அரசு அப்போது போட்ட உத்தரவுக்கே அந்த மாநில உயர் நீதிமன்றம் தடை போட்டது.

ஆகவே விதியில் இரண்டு பத்தி எழுதுங்கள். மெஷின் பக்கத்தில் போதையோடு பிடிபட்டவருக்கு ஒன்று. “என்னால் நிறுத்த முடியவில்லை” என்று தானே வந்து சொல்பவருக்கு இன்னொன்று. அதில் மெமோ கிடையாது, சிகிச்சைக்கு விடுப்பு உண்டு, திரும்பி வரும்போது அதே வேலை உண்டு. இரண்டாவதை நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள். விடுதியில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

கேள்வி: சானிடைசர் கேன் குறைகிறது. யாரோ குடிக்கிறார்கள் போலிருக்கிறது. போலீசுக்குப் போகலாமா? (ஒரு ஸ்டோர் கீப்பர், கரூர்)

பதில்: முதலில் கேனைப் பூட்டி வையுங்கள். வாசலில் குழாயும் சோப்பும் போதும். யாராவது குடித்தது தெரிந்தால், ஆள் நன்றாக நடமாடினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கேனும் கூடவே போகட்டும். மெத்தனால் கலந்திருந்தால் பல மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும்.

கேள்வி: இரவு ஷிப்டில் பக்கத்து மெஷின்காரர் ஏதோ வலி மாத்திரை போட்டுக்கொண்டு நின்றபடியே தூங்குகிறார். சொன்னால் அவர் வேலை போய்விடும். அவர் மனைவி எனக்குத் தெரிந்தவர். (ஒரு பெண் தொழிலாளி, திருப்பூர்)

பதில்: அம்மா, மேனேஜரிடம் போக வேண்டாம், இன்று இரவே ஷிப்ட் மேஸ்திரியிடம் “அவரை மெஷினிலிருந்து மாற்றி நிறுத்துங்கள், தூங்கி விழுகிறார்” என்று மட்டும் சொல்லுங்கள். மாத்திரையைப் பற்றி மனைவியிடம் பேசுங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவச எண்கள். சம்பள நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள். மாத்திரை வாங்கும் பணம் அன்றுதான் அவர் கைக்கு வரும்.