அம்மா எப்படியும் அறையில்தானே இருப்பார்?

கேள்வி: மனைவி, 9 வயது மகன், 5 வயது மகள், 71 வயது அம்மா ஆகியோருடன் கோடை விடுமுறையில் இத்தாலி செல்கிறேன். வெனிஸில் 3 இரவுகள். தீவுக்குள் ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாததால், எதிர்க்கரையிலுள்ள மெஸ்த்ரேயில் இரண்டு அறைகள் பதிவு செய்திருக்கிறேன். ரயிலில் 10 நிமிடம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, எப்படியும் அவர் அறையிலேயே இருந்துகொள்வார். மகள் களைத்துவிட்டால் அவளையும் பார்த்துக்கொள்வார். தீவுக்குள் தங்கினால்தான் ஊரைப் பார்த்ததுபோல் இருக்கும் என்கிறார் மனைவி. ஊருக்கு வெளியே தங்குவது தவறா? அங்கே வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் எங்களுக்கும் உண்டா?

பதில்: கட்டணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 ஏப்ரலில் தொடங்கிய அந்தக் கட்டணம், இரவு தங்காமல் பகலோடு திரும்பிவிடுகிறவர்களுக்கானது; அதுவும் அறிவிக்கப்பட்ட சில நாட்களுக்கு மட்டும். மெஸ்த்ரே வெனிஸ் மாநகராட்சியின் எல்லைக்குள்தான் இருக்கிறது என்பதால் அங்கே தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மெஸ்த்ரேயைக் குறை சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டு, கால் ஓய்ந்த பிறகு இரவில் திரும்புகிற இரண்டு இளைஞர்கள் கேட்டிருந்தால், அங்கேயே தங்குங்கள் என்று ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். ஆனால் நீங்கள் ஐந்து பேர், அந்த ஐவரில் ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘எப்படியும்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போகவில்லை.

அம்மா அறையில் இருந்துகொள்வார் என்பது அவர் சொன்னதா, நீங்கள் முடிவு செய்ததா? அவரே சொன்னதாக நீங்கள் பதில் எழுதினாலும் நான் அதை அப்படியே ஏற்கமாட்டேன். “நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்பது, பிள்ளைகளின் முகத்தில் அவசரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெரியவர்கள் பழகிக்கொண்ட வாசகம். அதைச் சொல்லும்போது அவர்கள் எதிர்பார்ப்பது “அதெல்லாம் முடியாது, கிளம்புங்கள்” என்ற பதிலைத்தான். உங்கள் வீட்டில் அந்தப் பதிலுக்கு இடமே இல்லாமல் ஓட்டல் பதிவாகிவிட்டது.

இனி அந்த 10 நிமிடத்துக்கு வருவோம். 1846-இல் திறந்த ரயில் பாலமும் 1933-இல் திறந்த சாலைப் பாலமும் தீவின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து உள்ளே போகக் காரும் இல்லை, பேருந்தும் இல்லை. நடை, இல்லையென்றால் படகு. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தின் வாசலில் வப்பொரெத்தோ படகில் ஏறினால், பெருங்கால்வாய் நெடுகத் துறைக்குத் துறை நின்று போகும் 1-ஆம் எண் படகு சான் மார்கோ சதுக்கத்தை அடைய முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். இதோடு ஓட்டலிலிருந்து மெஸ்த்ரே நிலையத்துக்கு நடப்பதையும், ரயிலுக்கும் படகுக்கும் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்தை நெருங்கிவிடும். பதிவு செய்கிற பக்கத்தில் போட்டிருக்கும் நிமிடம் நிலையத்திலிருந்து நிலையத்துக்கான கணக்கு. அதைக் குடும்பத்தோடு பயணம் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நம்பி ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் மகள் நண்பகலில் சதுக்கத்தின் நடுவே களைத்து உட்கார்ந்துவிட்டால், அவளை மெஸ்த்ரே அறைக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் சேர்ப்பது யார்? நீங்களா, உங்கள் மனைவியா? போனவர் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். ஆகவே உங்கள் திட்டம் நடைமுறையில் இப்படித்தான் முடியும்: மகளைக் காலையிலேயே அறையில் விட்டுவிட்டுப் போவீர்கள். விமானத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிற அம்மாவை, ஓர் அந்நிய ஊரின் ரயில் நிலையத்துப் பக்கத்து அறையில், தொலைக்காட்சியில் ஒரு சொல்கூடப் புரியாத நிலையில், குழந்தைக்குக் காவலாக உட்கார வைக்கப் போகிறீர்கள். அதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர் வைக்காதீர்கள். பெற்றவளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனேன் என்று சொல்லிக்கொள்கிற தகுதி, அவர் எதைப் பார்த்தார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறவருக்கே உண்டு.

முழங்கால் வலியைக் காரணம் காட்டுவீர்கள். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் படிக்கட்டுகள் என்பது உண்மைதான். ஆனால் அவர் பாலங்களை ஏறிக் கடக்க வேண்டிய அவசியமில்லை, படகில் உட்கார்ந்தால் போதும். படகு மிதவைத் துறையை ஒட்டி வந்ததும் பணியாளர் கயிற்றைச் சுற்றிக் கட்டி, கம்பிக் கதவைத் தள்ளுவார். மிதவையிலிருந்து படகின் தளத்துக்கு ஓர் அடி எடுத்து வைத்தால் உள்ளே இருக்கை. நடக்க முடிகிறவர்கள் சந்துகளில் வழிதெரியாமல் சுற்றும் நேரத்தில், நடக்க முடியாதவர் பெருங்கால்வாயின் இருபுறத்து மாளிகைகளையும் ரியால்டோ பாலத்தையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு இவ்வளவு வசதி செய்து தருகிற ஊர்கள் அதிகமில்லை. அவரால் முடியாதது இரண்டு: நாள் முழுதும் வெளியே இருப்பதும், ஒன்றரை மணி நேரம் பயணித்து இடையில் ஓய்வுக்குத் திரும்புவதும். காலையில் இரண்டு மணி நேரம் படகு, நண்பகலில் அறையில் தூக்கம், வெயில் தணிந்தபின் மறுபடி ஒரு சுற்று என்றால் அவரும் வருவார், உங்கள் மகளும் அழாமல் வருவாள். அதற்கு அறை கூப்பிடுதூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் மனைவி சொன்னது சரி. அதை ஆசை என்று நினைத்துத் தள்ளியிருக்கிறீர்கள்.

பணம் இடிக்கிறது என்றால் ஓர் இரவைக் குறையுங்கள். மெஸ்த்ரேயில் 3 இரவுகளை விடத் தீவில் 2 இரவுகள் உங்கள் குடும்பத்துக்கு மேல். சான் மார்கோ பக்கம் தேட வேண்டாம். ரயில் நிலையத்தை விட்டு இறங்கியதும் இடதுபுறம் செல்லும் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில், சான் ஜெரெமியா சதுக்கம் வரை, ஒரு பாலம்கூடக் குறுக்கிடாது. பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம், படகுத் துறையும் அருகில். அங்கே பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. ஆகவே பதிவு செய்வதற்கு முன் ஓட்டலுக்கு எழுதி, மின்தூக்கி அறை வாசல் வரை வருகிறதா, அதை எட்டுவதற்கு முன்பே படிகள் உண்டா என்று கேளுங்கள். படகுக்கு 48 மணி நேர, 72 மணி நேரச் சீட்டுகள் கிடைக்கும். அம்மாவுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

மெஸ்த்ரே பதிவை இழப்பில்லாமல் ரத்து செய்ய எந்தத் தேதி வரை அவகாசம் என்று இன்றைக்கே பாருங்கள். பிள்ளைகளின் வயது, அறைகளின் எண்ணிக்கை, ரயிலின் நேரம் எல்லாம் எழுதிய உங்கள் கடிதத்தில், அந்த ஊரில் அம்மா எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பது மட்டும் இல்லை. அதை அவரிடமே கேட்டு எழுதுங்கள், எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்று சொல்கிறேன்.